தானுந்து டயர் பராமரிப்பு (அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம்)

தானுந்து டயர் பராமரிப்பு என்பது கார் முதலிய சிறு ஊர்திகளின் டயர்களில் காற்றழுத்தத்தைச் சரியாக வைத்திருத்தல், முள், ஆணி முதலியவற்றால் ஏற்படும் துளைகளை அடைத்தல், தேய்மானத்தையும் வயதையும் கவனித்தல், மாற்றுச் சக்கரத்தைப் பயன்படும் நிலையில் வைத்திருத்தல் ஆகிய எளிய பணிகளைக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவற்றை ஊர்தி ஓட்டுபவரே செய்து கொள்ளலாம். தமிழ்நாட்டின் விருதுநகர் மாவட்டத்தில் அமைந்துள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களைப் போன்ற வறண்ட கரிசல் நிலப்பகுதிகளில் வெயில், முள், நீண்ட நேர்ச்சாலை ஆகிய மூன்றும் சேர்ந்து டயரின் ஆயுளைக் குறைக்கின்றன. இக்கட்டுரை அவ்வட்டாரத்தை முன்வைத்து எழுதப்பட்டது. எனினும் இதில் கூறப்படும் முறைகள் கோவில்பட்டி, கமுதி, முதுகுளத்தூர் போன்ற அண்டைப் பகுதிகளுக்கும் பொருந்தும்.

வட்டாரச் சூழல்

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நான்குவழிச் சாலை காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகச் செல்கின்றது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 45பி என்று அழைக்கப்பட்ட இது, 2010 ஆம் ஆண்டின் மறுஎண்ணிடலுக்குப் பின் தேசிய நெடுஞ்சாலை 38 இன் பகுதியாக உள்ளது. மரநிழல் குறைந்த, வளைவுகள் குறைந்த சாலை என்பதால் ஊர்திகள் மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எளிதில் எட்டுகின்றன. மே மாதத்தில் பகல்நேர வெப்பநிலை 40 பாகை செல்சியசை ஒட்டிச் செல்வது வழக்கம். அந்நேரத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகைக்கு மேலும் சூடேறக்கூடும்.

இதற்கு மாறாக, அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே திருச்சுழி, நரிக்குடி நோக்கிச் செல்லும் வழிகளிலும் அவற்றிலிருந்து பிரியும் ஊர்ச்சாலைகளிலும் வேகம் குறைவு, முள் அதிகம். கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் சீமைக் கருவேலம் அடர்ந்து வளர்ந்துள்ளது. ஒரே கார் காலையில் முள் கிடக்கும் வண்டிப்பாதையிலும் நண்பகலில் நான்குவழிச் சாலையிலும் ஓடுவது இங்கு அன்றாட நிகழ்வு. காலையில் ஏறிய முள்ளால் மெல்லக் காற்று இறங்கிய டயர், நண்பகலில் நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. இவ்வட்டாரத்தில் டயர் பராமரிப்பின் மையச் சிக்கல் இதுவே.

டயரில் உள்ள குறியீடுகள்

இன்றைய கார் டயர்கள் பெரும்பாலும் உள்குழாய் இல்லாத (டியூப்லெஸ்) ரேடியல் வகையைச் சேர்ந்தவை. இரப்பரின் உள்ளே நூலிழை அடுக்குகளும், சாலையைத் தொடும் பகுதிக்குக் கீழே எஃகு இழைப் பட்டைகளும் உள்ளன. சாலையைத் தொடும் பகுதியில் உள்ள புடைப்புகளைப் பேச்சுவழக்கில் பட்டன் என்பர். பட்டன் முற்றும் தேய்ந்தது மொட்டை டயர்.

பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் என்றவாறு எழுதப்பட்டிருக்கும். இதில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதாகும். ஆர் என்பது ரேடியல் அமைப்பையும் 15 என்பது ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கும். 88 என்பது சுமைக் குறியீட்டெண். அதாவது ஒரு டயர் 560 கிலோகிராம் வரை தாங்கும். எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரையிலான வேகத் தகுதி. புதிய டயர் வாங்கும்போது சுமைக் குறியீட்டெண் பழையதை விடக் குறையாமல் பார்த்துக்கொள்வது முதன்மையானது. மாசி மாதச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில் செல்லும் கார்களில் ஐந்து பேர் இருக்கைக்கு எட்டுப் பேரும், மேலே பாத்திர மூட்டைகளும் ஏற்றப்படுவதைக் காணலாம். டயரின் பக்கச்சுவரில் எழுதப்பட்ட எண்ணுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

காற்றழுத்தம்

டயரில் சுமையைத் தாங்குவது இரப்பர் அன்று. உள்ளிருக்கும் அழுத்தப்பட்ட காற்றே. காரின் எடைக்கும் அளவுக்கும் ஏற்ற அழுத்தத்தை அதன் தயாரிப்பாளர் தீர்மானித்து, ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட சிறு தாளில் அச்சிட்டிருப்பார். சில கார்களில் இது எரிபொருள் மூடியின் உட்புறம் இருக்கும். சிறிய கார்கள் பலவற்றிற்கு இது 30 முதல் 36 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்திற்கு இத்தனை பவுண்டு) வரை அமையும். நிறைசுமைக்கும் நெடும்பயணத்திற்கும் வேறொரு உயர்ந்த எண் தரப்பட்டிருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் காணப்படும் 44 அல்லது 51 என்னும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தமே அன்றி, நிரப்ப வேண்டிய அளவு அன்று. இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வது பரவலான தவறு.

"கோடையில் காற்றைக் குறை" என்னும் நம்பிக்கை

வெயில் காலத்தில் காற்று விரிவடைந்து டயர் வெடித்துவிடும், ஆகவே நான்கைந்து பிஎஸ்ஐ குறைவாக அடிக்க வேண்டும் என்னும் கருத்து ஓட்டுநர்களிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இது தவறானது மட்டுமன்றி ஆபத்தானதும் ஆகும்.

ஓடும் டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் சாலையைத் தொடும் இடத்தில் நசுங்கி, மீண்டும் நிமிர்கின்றது. இவ்வாறு மடங்கி நிமிரும்போது இரப்பர் ஏற்கும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாக மாறுகின்றது. காற்று குறைந்த டயரில் பக்கச்சுவர் கூடுதலாக மடங்குவதால் வெப்பமும் கூடுதலாகப் பிறக்கின்றது. இரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. சாலையும் வெளிக்காற்றும் ஏற்கெனவே கொதிப்பதால் டயர் குளிர வழியில்லை. வேகம் கூடக் கூட இந்த மடக்கம் ஒரு நொடியில் பலமுறை நிகழ்ந்து வெப்பம் சேர்ந்துகொண்டே போகிறது. இறுதியில் எஃகுப் பட்டைகளின் ஓரத்தில் இரப்பரின் பிடிப்பு விட்டு மேற்பகுதி உரிந்து போகலாம், அல்லது பக்கச்சுவரின் நூலிழைகள் அறுந்து டயர் வெடிக்கலாம். கோடையில் நெடுஞ்சாலை ஓரங்களில் கிடக்கும் கருநிற இரப்பர்ப் பட்டைகளில் பல இவ்வாறு உரிந்தவையே.

வெப்பத்தால் அழுத்தம் எவ்வளவு உயரும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காலையில் 27 பாகை செல்சியசில் 33 பிஎஸ்ஐ காட்டும் டயரில், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 48 பிஎஸ்ஐ முழு அழுத்தம் உள்ளது. ஓட்டத்தில் உட்காற்று 57 பாகைக்குச் சூடேறினால் முழு அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடும். கருவி 38 என்று காட்டும். அதாவது உயர்வு ஐந்து பிஎஸ்ஐ மட்டுமே. 10 பாகை வெப்பத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை பிஎஸ்ஐ என்று நினைவில் கொள்ளலாம். தயாரிப்பாளர்கள் இவ்வுயர்வை எதிர்பார்த்தே குளிர்நிலை அளவைக் குறிக்கின்றனர். நல்ல நிலையிலுள்ள டயர் இவ்வுயர்வினால் மட்டும் வெடிப்பதில்லை.

இந்தச் சூடான டயரில் 38 காட்டுகிறதே என்று அஞ்சி 33 வரும்வரை காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலையில் அது 29 மட்டுமே காட்டும். அன்று நண்பகலில் குறைந்த காற்றினால் டயர் முன்னிலும் அதிகமாகச் சூடேறும். எனவே ஓட்டத்தில் சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை வெளியேற்றக் கூடாது.

வெப்பமும் குறைகாற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஊர்திகளில் பெரும்பாலும் பொருத்தப்பட்டிருந்த ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேற்பகுதி உரிந்து, ஊர்திகள் கவிழ்ந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2000 ஆகஸ்டு 9 அன்று 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. டயரின் வடிவமைப்பும் ஓர் ஆலையின் உற்பத்தித் தரமும் காரணங்களாகக் காட்டப்பட்டன. அவற்றோடு, ஊர்தித் தயாரிப்பாளர் 26 பிஎஸ்ஐ என்னும் குறைந்த அழுத்தத்தைப் பரிந்துரைத்திருந்ததும் பெரும் விவாதத்திற்கு உள்ளானது. விபத்துக்களில் மிகுதியானவை டெக்சாஸ், புளோரிடா, அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களில் நிகழ்ந்தன. இதன் விளைவாக அந்நாட்டில் அதே ஆண்டு இயற்றப்பட்ட சட்டமே புதிய கார்களில் டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. அங்குள்ள விதிப்படி அழுத்தம் 25 விழுக்காடு குறைந்த பின்னரே எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 ஆகும்வரை விளக்கு எரியாமல் இருக்கலாம் என்பதால், இக்கருவி உள்ள காரிலும் கைக்கருவியால் அளப்பது தேவையாகிறது.

எப்போது, எங்கு அளப்பது

காற்றழுத்தத்தைக் குளிர்நிலையில் அளக்க வேண்டும். கார் குறைந்தது மூன்று மணிநேரம் நின்றிருக்க வேண்டும், அல்லது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. விடியற்காலை சிறந்த நேரம். வெயில் ஒரு பக்கமாக விழும் இடத்தில் நிறுத்திய காரில் அந்தப் பக்க டயர்கள் இரண்டும் கூடுதலாகக் காட்டும். துளை ஏதும் இல்லாத டயரும் மாதத்திற்கு ஒன்று முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை இழக்கும். எனவே இரு வாரங்களுக்கு ஒருமுறை அளத்தல் நல்லது. முள் மிகுந்த ஊர்ச்சாலையில் நாள்தோறும் செல்வோர் வாரம் ஒருமுறை அளக்கலாம்.

நகரத்தில் எழுதப்படும் அறிவுரைகள் இந்த இடத்தில் கிராமத்திற்குப் பொருந்தாமல் போகின்றன. திருச்சுழிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரிலிருந்து காற்றுப் பிடிக்கும் இடத்திற்குப் பல கிலோமீட்டர் செல்ல வேண்டியிருக்கலாம். அங்கு சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். பெட்ரோல் நிலையங்களில் காற்று இலவசமாகக் கிடைத்தாலும் குளிர்நிலை அளவு அங்கு கிடைக்காது. இதற்கு எளிய தீர்வு, ஒரு கைக்கருவியை வாங்கி வீட்டிலேயே காலையில் அளந்து, குறைவை எழுதிக்கொண்டு செல்வதாகும். எடுத்துக்காட்டாக, வேண்டியது 33, வீட்டில் காட்டியது 28 எனில் குறைவு 5. நிலையத்தை அடைந்தபோது அதே டயர் சூட்டினால் 32 காட்டக்கூடும். அப்போது 33 வரை நிரப்பினால் ஒன்றே ஒன்றுதான் கூடும். 32 உடன் 5 சேர்த்து 37 வரை நிரப்ப வேண்டும். குளிர்ந்த பின் அது ஏறத்தாழ 33 க்கு வந்து சேரும். நிலையக் கருவியும் வீட்டுக் கருவியும் ஓரிரு எண்கள் வேறுபட்டாலும் இம்முறையில் பெரும்பிழை நேராது. காரின் 12 வோல்ட்டு மின்னிணைப்பில் இயங்கும் சிறு காற்றடிப்பான் வைத்திருப்போருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

நைட்ரசன் நிரப்புவது பற்றி ஒரு சொல். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரசன்தான். உலர்ந்த நைட்ரசன் சற்று மெதுவாகக் கசியும் என்பது உண்மை. ஆனால் அது அளப்பதிலிருந்து விடுதலை தருவதில்லை. நைட்ரசன் நிரப்பிய டயரில் காற்று குறைந்தால் சாதாரணக் காற்றைத் தயக்கமின்றிச் சேர்க்கலாம். "நைட்ரசன் தான் போட வேண்டும்" என்று காத்திருந்து குறைகாற்றுடன் ஓட்டுவதே கேடு.

முள்ளும் துளையும்

நடு அமெரிக்கா, தென் அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட சீமைக் கருவேலத்தின் முள் ஐந்து சென்டிமீட்டர் வரை நீளக்கூடியது. காய்ந்த பின் அது ஆணி போல் இறுகிவிடும். உள்ளூர் மரமான உடை (குடைவேல்) மரத்தின் வெண்ணிற முட்களும் நீளமானவை. நெருஞ்சி மிதிவண்டிக் குழாய்க்குப் பகையே தவிர, காரின் தடித்த டயரை ஊடுருவாது.

உயிருள்ள மரத்தை விட வெட்டிப்போட்ட கிளையே டயருக்குக் கூடுதல் ஆபத்து. 2017 இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைகளைத் தொடர்ந்து தென் மாவட்டங்களில் இம்மரம் பெருமளவில் வெட்டப்பட்டது. அதுவன்றியும் கரிமூட்டம் போடுவதற்காக ஆண்டு முழுவதும் வெட்டப்படுகின்றது. விறகு ஏற்றிச் செல்லும் டிராக்டர்களிலிருந்து விழும் சிறு கிளைகளும், ஆட்டுக்கிடைக்கும் தோட்டத்திற்கும் அடைத்த முள்வேலியிலிருந்து காற்றில் நகர்ந்து வரும் கொப்புகளும் சாலையின் ஓரத்தில் ஒதுங்குகின்றன. எதிரே பேருந்து வரும்போது கார் இறங்குவதும் அதே ஓரத்தில்தான். எனவே ஒற்றைச் சாலையில் வழிவிடும்போது ஓடிக்கொண்டே மண்ணில் இறங்குவதை விட, வேகம் குறைத்து ஓரத்தைப் பார்த்து இறங்குவது நல்லது.

டியூப்லெஸ் டயரில் முள் ஏறினால் முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்று நாட்கணக்கில் மெல்ல இறங்கும். ஆகவே கண்ணுக்குத் தெரிந்த முள்ளை வழியில் பிடுங்கி எறியக் கூடாது. அழுத்தத்தை அளந்து, தேவையான காற்றை நிரப்பி, பட்டறை வரை மெதுவாகச் சென்று அங்கே எடுப்பது முறை. முள் மேற்பரப்போடு முறிந்து போயிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரே டயர் மட்டும் மீண்டும் மீண்டும் காற்று இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். வால்விலும் ரிம்மின் விளிம்பிலும் தடவிப் பார்க்க மறக்கக் கூடாது. வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்க்கும் பழைய முறையும் வேலை செய்யும். ஆயினும் வால்வு மூடியைத் திரும்பப் போடாமல் விடுவதால் புழுதி புகுந்து கசியத் தொடங்குவதே இப்பகுதியில் அதிகம்.

துளையை அடைக்க இரு முறைகள் உள்ளன. டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து பசை தோய்ந்த நாடாவை ஊசியால் திணிப்பது முதலாவது. இது பத்து நிமிட வேலை; ஊர்ச்சாலை ஓட்டத்திற்குப் போதுமானது. டயரை ரிம்மிலிருந்து கழற்றி, உட்புறம் தேய்த்து, காளான் வடிவ இரப்பரை உள்ளிருந்து வைத்து ஒட்டுவது இரண்டாவது. உள்ளே முறிந்த முள் மிச்சமிருக்கிறதா, பக்கச்சுவர் நைந்திருக்கிறதா என்று கண்ணால் காண முடிவது இதில் மட்டுமே. நான்குவழிச் சாலையில் அடிக்கடி செல்லும் காருக்கு இரண்டாம் முறையே தகும். ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துளையையும், பக்கச்சுவரிலோ அதை ஒட்டிய தோள்பகுதியிலோ ஏற்பட்ட கிழிசலையும் எம்முறையாலும் பாதுகாப்பாக அடைக்க இயலாது. அந்த டயரை மாற்றவே வேண்டும். காற்று முழுதும் இறங்கிய நிலையில் சிறிது தொலைவு ஓட்டப்பட்ட டயரின் பக்கச்சுவர் உட்புறம் அரைபட்டு, கழற்றும்போது கரும்பொடி உதிரும். அதுவும் கழிக்க வேண்டியதே. வெளித்தோற்றத்தை நம்பக் கூடாது.

துளைக்கு எதிரான போராட்டம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. மதுரையை மையமாகக் கொண்டு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பேருந்துகளை இயக்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம், வண்டி மாடுகளின் இலாட ஆணிகள் சாலையில் விழுந்து டயர்களைத் துளைப்பதைத் தடுக்க, காந்தம் பொருத்திய ஊர்தி ஒன்றை ஓட்டி ஆணிகளைத் திரட்டியது என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி. முள்ளுக்கு அத்தகைய காந்தம் இல்லை.

வயதும் வெயிலும்

டயர் தேய்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் குறைவாக ஓடும் கார்களில் பட்டன் தேயும் முன்பே இரப்பர் மூப்படைந்துவிடும். சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ பணிபுரிவோரின் கார்கள் ஊரில் மாதக்கணக்கில் நிற்பதும், திருவிழாவிற்கு வந்தவுடன் மதுரைக்கும் திருச்செந்தூருக்கும் விரைவதும் இங்கு வழக்கம். இத்தகைய கார்களின் டயர்கள் புதியவை போலவே தோன்றும்.

சூரியனின் புறவூதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஓசோனும் இரப்பரை இறுகச் செய்கின்றன. இதைத் தடுக்க டயரில் கலக்கப்படும் மெழுகு போன்ற பொருட்கள், டயர் மடங்கி ஓடும்போதே மேற்பரப்பிற்கு வருகின்றன. நின்றே கிடக்கும் டயரில் அப்பாதுகாப்பு குறைகின்றது. பக்கச்சுவரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுவது முதல் அறிகுறி. டயரைப் பளபளப்பாக்கப் பெட்ரோலிய எண்ணெய் கலந்த பூச்சுகளைத் தடவுவது இம்மெழுகைக் கரைத்துவிடும். கழுவுவதற்கு நீரும் மென்மையான சோப்பும் போதும்.

டயர் உருவான காலத்தைப் பக்கச்சுவரில் டிஓடி என்னும் எழுத்துக்களில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் காட்டும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். இது ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடப்பட்டிருக்கலாம் என்பதால் காரின் அடியில் குனிந்து பார்க்க வேண்டியும் வரலாம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் பட்டறையில் காட்டிப் பார்ப்பதும், பத்து ஆண்டுகளுக்குப் பின் தோற்றம் எப்படியிருந்தாலும் மாற்றிவிடுவதும் டயர் தயாரிப்பாளர்கள் பலர் கூறும் எல்லையாகும். சில கார்த் தயாரிப்பாளர்கள் ஆறு ஆண்டுகளையே எல்லையாகக் கூறுகின்றனர். வெப்பம் மூப்பை விரைவுபடுத்துவதால் இப்பகுதியில் அக்குறுகிய எல்லையைக் கொள்வதே தகும். பழைய டயர் விற்கும் கடைகளில் வாங்குவோர் பட்டனின் ஆழத்தை மட்டும் பார்த்து இந்த நான்கு இலக்கங்களைப் பார்ப்பதில்லை.

நெடுநாள் நிறுத்தி வைக்கும் காரை நிழலில் நிறுத்தி, சரியான காற்றை நிரப்பி, வீட்டில் இருப்போரைக் கொண்டு இரு வாரங்களுக்கு ஒருமுறை சில கிலோமீட்டர் ஓட்டச் செய்யலாம். அல்லது சில அடி நகர்த்தியாவது வைத்தால் ஒரே இடம் தட்டையாவது குறையும்.

தேய்மானம்

1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கார் டயரின் பள்ளங்கள் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் கொண்டிருக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் குறுக்காக உள்ள சிறு மேடுகள் இவ்வளவைக் காட்டும். பட்டன் தேய்ந்து அம்மேடுகளுக்குச் சமமானால் டயரை மாற்ற வேண்டும்.

தேய்ந்திருக்கும் விதம் காரணத்தைச் சொல்லும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று மிகை. இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரக் கோணம் (வீல் அலைன்மென்ட்) பிசகியிருக்கிறது. ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்தால் அதிர்வுதாங்கிகளைப் பார்க்க வேண்டும். முன்சக்கர இயக்கக் கார்களில் முன் டயர்கள் விரைவில் தேய்வதால் ஏறத்தாழ 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றுவர். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி உள்ள டயர்களைப் பக்கம் மாற்றக் கூடாது.

மழைக்காலமும் கரிசலும்

இப்பகுதிக்கு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கின்றது. மாதக்கணக்கில் சேர்ந்த புழுதியும் எண்ணெயும் முதல் மழையில் கரைந்து சாலையை வழுக்கச் செய்யும். உழவு டிராக்டர்களின் சக்கரத்திலிருந்து உதிரும் கரிசல் மண் நனைந்தால் சோப்பைப் போன்றது. டயரின் பள்ளங்கள் இம்மண்ணால் அடைபட்டுவிட்டால் புதிய டயரும் மொட்டை டயராகவே நடந்துகொள்ளும். காட்டுப் பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு ஏறியவுடன் சிறிது தொலைவு மெதுவாக ஓட்டி மண்ணை உதிர விட வேண்டும்.

கரிசல் மண் ரிம்மின் உட்புறத்தில் அப்பி, காய்ந்து, கல்லாகிவிடும். பின்னர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் திசைமாற்றி நடுங்கும். பட்டறைக்குச் சென்று சக்கரச் சமநிலை (வீல் பேலன்சிங்) பார்க்கும் முன், சக்கரத்தின் உட்புறத்தைக் கழுவிப் பார்ப்பது செலவில்லாத வழி.

அறுவடைக் காலத்தில் கம்பு, சோளம், மல்லி, உளுந்து ஆகியவற்றைச் சாலையில் காயப்போடுவது உண்டு. தட்டைகளின் மேல் ஓடும் டயர் பிடிப்பை இழக்கும். இரவில் தானியம் அள்ளப்பட்ட பின்னும் அதைச் சுற்றி வைத்த கற்கள் சாலையிலேயே கிடப்பது பக்கச்சுவர்க் கிழிசலுக்கு ஒரு காரணமாகும்.

மாற்றுச் சக்கரம்

மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கத் தமிழ்நாடு முழுவதும் வழங்கும் ஸ்டெப்னி என்னும் சொல், வேல்சு நாட்டின் லானெல்லி நகரில் 1904 இல் உருவான ஸ்டெப்னி மாற்றுச் சக்கரத்திலிருந்து வந்தது. அக்கடை இருந்த தெருவின் பெயரே சக்கரத்தின் பெயராயிற்று. இங்கிலாந்தில் மறைந்துபோன இச்சொல் இந்தியாவில் வாழ்கின்றது.

2020 சூலையில் திருத்தப்பட்ட விதிகளின்படி, டியூப்லெஸ் டயரும் அழுத்த எச்சரிக்கைக் கருவியும் துளையடைக்கும் பெட்டியும் உள்ள கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமல் விற்கப்படலாம். முள் துளைக்கு அப்பெட்டி உதவும். கல் கிழித்த பக்கச்சுவருக்கு உதவாது. இரவில் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையே நின்றுவிட்ட காருக்கு அருகில் திறந்த பட்டறை எதுவும் இராது. இப்பகுதியில் கார் வாங்குவோர் மாற்றுச் சக்கரம் உள்ள மாதிரியைத் தேர்வது அறிவுடைமை. இருக்கும் ஸ்டெப்னியிலும் மாதம் ஒருமுறை காற்றை அளந்து, பரிந்துரைத்த அளவை விட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக வைத்திருக்கலாம். தேவைப்படும்போது கூடியதைக் குறைப்பது எளிது.

ஓடும்போது டயர் வெடித்தால் திடீரென நிறுத்தியை மிதிக்கக் கூடாது. திசைமாற்றியை இரு கைகளாலும் இறுகப் பிடித்து, முடுக்கியிலிருந்து மெல்லக் காலை எடுத்து, கார் தானாக வேகம் குறைந்த பின் இடது ஓரம் ஒதுங்க வேண்டும். பின்னர் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்து, பயணிகளைச் சாலைத் தடுப்பிற்கு அப்பால் நிற்கச் செய்ய வேண்டும்.

சக்கரம் மாற்றும்போது கைநிறுத்தியை இழுத்து, குறுக்கு மூலையில் உள்ள சக்கரத்திற்குக் கல் கொடுக்க வேண்டும். நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே அரைச்சுற்று தளர்த்திவிட்டுப் பின் ஜாக்கியை ஏற்ற வேண்டும். கரிசல் மண்ணில் ஜாக்கி புதையும் என்பதால் அடியில் வைக்க ஒரு கெட்டியான பலகைத் துண்டைக் காரிலேயே வைத்திருப்பது இவ்வட்டார ஓட்டுநர்களுக்கு இன்றியமையாதது. ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் உடலின் எப்பகுதியையும் நுழைக்கக் கூடாது. நட்டுகளை வரிசையாக அன்றி எதிரெதிராக முடுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மீண்டும் ஒருமுறை முடுக்க வேண்டும். ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது.

பழைய டயர்கள்

கழித்த டயர்களை வீட்டின் பின்புறம் போட்டு வைத்தால் அவற்றில் தேங்கும் மழைநீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு முட்டையிடும். டயரின் வளைந்த உட்புறத்திலிருந்து நீரை முழுதும் கவிழ்த்துக் கொட்டுவது கடினம். போகியன்று டயரை எரிப்பதால் நச்சுப்புகை எழும் என்பதால் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் அதற்கு எதிராக அறிவிப்பு வெளியிடுகின்றது. 2022 முதல் இந்தியாவில் டயர் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் கழிவு டயர்களின் மறுசுழற்சிக்கான பொறுப்பு விதிகளால் சுமத்தப்பட்டுள்ளது. புதிய டயர் வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுவது எளிய வழி. ஊர்ப்புறங்களில் டயரைக் குறுக்காக வெட்டி ஆடு, கோழிகளுக்குத் தண்ணீர்த் தொட்டியாக வைப்பதுண்டு. அவ்வாறு வைப்போர் வாரம் ஒருமுறையாவது நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.